குப்பை வண்டியும் யூரியா மூட்டையும்

நெம்மேலி என்றால் சென்னைக்காரர்களுக்கு இப்போது குடிநீர்தான் நினைவுக்கு வரும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013ல் இங்கே வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. ஆனால் எங்கள் பெரியவர்கள் தண்ணீருக்கு அலைந்ததைவிட எருவுக்கு அலைந்ததுதான் அதிகம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவே மணல். அந்த மணலில் துரவு தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கும். குடத்தால் மொண்டு ஊற்றியே சவுக்கங்கன்று வளர்த்த ஊர்கள் இவை. ஆனால் மணலுக்குப் பிடிமானம் கிடையாது. போட்ட சத்து அடுத்த பெருமழையில் வேருக்குக் கீழே இறங்கிவிடும். வருஷா வருஷம் எதையாவது கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தால்தான் கேழ்வரகோ மல்லாட்டையோ கைக்கு வரும்.

என்ன கொட்டினார்கள், யார் கொட்டினார்கள் என்பதுதான் என் விஷயம். நான் உரக்கடைக்காரன். மணலியில் மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலை 1971ல் ஓடத் தொடங்கிய பிறகு என் நைனா திருப்போரூரில் கடை போட்டார். யூரியா விற்ற காசில் படித்தவன் என்பதால் நான் சொல்வதைச் சற்றுச் சந்தேகத்தோடு கேட்பது நியாயம். அதே சமயம் என் ஆயா, நைனாவின் அம்மா, ஊரார் நிலத்துக்கெல்லாம் குப்பைக்கூடை சுமந்தவர். அந்தப் பக்கமும் எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

முதலில் ஒரு கணக்கு. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து. அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். நன்றாக மக்கிய மாட்டெருவில் தழைச்சத்து அரை சதவீதம் இருந்தால் பெரிது. ஒரு டன்னுக்கு 5 கிலோ. ஒரு மூட்டை யூரியாவில் உள்ள தழைச்சத்துக்கு ஈடாக 4 டன் எரு வேண்டும். மாட்டு வண்டி ஒன்றுக்கு அரை டன் என்று வைத்தால் எட்டு வண்டி. குழியிலிருந்து வெட்டி, கூடையில் வாரி, வண்டியில் ஏற்றி, வண்டி போகாத வரப்பில் தலையில் சுமந்து, நிலத்தில் குவித்து, கலைக்க வேண்டும். மூட்டையை ஓர் ஆள் தோளில் தூக்கிப் போய்க் காலைக் கஞ்சிக்கு முன்னால் விசிறிவிட்டு வந்துவிடுவார். எருவில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் துத்தநாகமும் மண்ணைக் கட்டும் மக்கும் சேர்ந்தே வருகின்றன. யூரியாவில் தழைச்சத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு வண்டி எட்டு வண்டிதான்.

எருக்குழி என்று இன்றைக்கு மேடையில் பேசுகிறார்கள். எங்கள் பக்கம் அது குப்பைக்குழி. வீட்டுக்குப் பின்னால், தொழுவத்தை ஒட்டி இருக்கும். தினமும் வாரிய சாணம், மாடு மிதித்து மூத்திரத்தில் நனைந்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், தெருப் பெருக்கிய சருகு எல்லாம் அதில் விழும். சித்திரை, வைகாசியில் வெட்டினால் மேலே கறுப்பாகப் பொலபொலவென்று உதிரும்; அடியில் இன்னும் வேகாமல் பச்சையாக, ஆவி பறக்க, கண்ணைக் கரிக்கும். அந்தக் கரிப்புதான் அம்மோனியா. பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்து காற்றில் போகிறது. வெட்டியதைக் கொண்டுபோய் வயலில் சிறு சிறு குவியலாக வைத்துவிட்டு, மழை வரும்வரை கத்திரி வெயிலில் காயவிடுவார்கள். பாதிச் சத்து அங்கேயே போய்விடும். மாட்டு மூத்திரத்தில்தான் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் அதிகம். அதுவோ தொழுவத்து மண்ணில் இறங்கிவிடும். அதனால்தான் விவரமானவர்கள் தொழுவத்துத் தரையையே வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி நிலத்துக்கு அனுப்பிவிட்டுப் புதுமண் கொட்டினார்கள்.

சாணம் ஒன்றுதான் எரு என்று நினைக்கக் கூடாது. கோடையில் வற்றிய ஏரியிலிருந்து வண்டல் அடிப்பார்கள். மணலுக்கு அதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. சத்தைவிட அதிலுள்ள களிதான் முக்கியம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். குடியிருந்து பாழான நத்தத்து மண்ணில் உப்புச்சத்து ஏறியிருக்கும், அதையும் விடமாட்டார்கள். சேடை ஓட்டும்போது கொளுஞ்சி, எருக்கு, ஆவாரை, புங்கந்தழை, வேப்பந்தழை என்று வெட்டிக் கொண்டுவந்து மிதிப்பார்கள். அறுவடை முடிந்த தரையில் ஆட்டுக்கிடை கட்டுவார்கள். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று சொல்வது சும்மா இல்லை; ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் சீக்கிரம் கரைந்து உடனே பயிருக்குப் போய்ச் சேரும், சாணம் மெதுவாக மக்கி இரண்டாம் வருஷமும் கொடுக்கும். உழுவதைவிட எருவிடுதல் நல்லது என்று வள்ளுவர் சொன்னதை எங்கள் ஊரில் படிக்காதவரும் அறிந்திருந்தார்.

இங்கேதான் பலர் கதையை முடித்து, 'அப்போது எல்லாம் நன்றாக இருந்தது' என்று பெருமூச்சு விடுகிறார்கள். அதற்கு ஆதாரம் காட்டுவதும் எங்கள் வட்டாரத்தையே. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நவாப் கொடுத்த ஜாகீர்தான் பின்னாளில் செங்கல்பட்டு ஜில்லா. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்பவர் இந்த ஜாகீரின் ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர்க்கணக்கர்கள் ஓலைச்சுவடியில் எழுதி வைத்தவையும் கிடைத்திருக்கின்றன. வரலாற்றாய்வாளர் தரம்பாலின் வழியில் வந்த சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தினர் அவற்றைப் படித்து, திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கை நூலாகவே போட்டார்கள். மூட்டை உரம் பிறக்காத காலத்தில் இந்த ஜில்லா நன்றாகவே விளைந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். நெல்லைப் பங்கிடும் முன் வெட்டியானுக்கு இவ்வளவு, தச்சனுக்கு இவ்வளவு, கொல்லனுக்கு இவ்வளவு என்று களத்திலேயே எடுத்து வைத்ததையும் அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. எங்கள் ஊரின் பழைய கணக்கைப் படிக்கக் கிடைத்ததில் எனக்குப் பெருமைதான்.

அதோடு இன்னொரு காகிதத்தையும் படிக்க வேண்டும். 1891ல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் டிரமென்ஹீர், ஜில்லாவின் பறையர்கள் நிலைமையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதாரர்கள் கையில் நிலமும் புறம்போக்கும் எப்படி இறுகியிருந்தன, குடியிருக்கும் மனைகூட உழைப்பவனுக்குச் சொந்தமில்லாமல் எப்படி வைத்திருந்தார்கள் என்பதை எழுதினார். அதன் விளைவாக 1892 செப்டம்பரில் வந்த அரசாணையின் பேரில் ஒடுக்கப்பட்டோருக்குக் கொடுத்தவைதான் பஞ்சமி நிலங்கள். இதை எருவோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். மாடு வைத்திருந்தவனுக்குத்தான் சாணம். மாட்டை மேய்க்கப் புறம்போக்கில் உரிமை வேண்டும். குழி வெட்ட வீட்டுக்குப் பின்னால் இடம் வேண்டும். கிடை கட்ட வரும் ஆட்டுக்காரருக்கு நெல் அளக்க வேண்டும். ஏரி வண்டல் ஊருக்குப் பொது என்றாலும் அடிக்க வண்டியும் காளையும் வேண்டும். சேரிக்காரர் வாழ்நாள் முழுக்க எருவைச் சுமந்தார். தமக்கென்று நிலம் கிடைத்தபோது அதில் போட ஒரு கூடை எரு அவரிடம் இல்லை. கொடுத்த நிலமும் பெரும்பாலும் யாரும் தொடாத தரிசு.

என் ஆயாவுக்கு இந்த அறிக்கையெல்லாம் தெரியாது. கல்லூரியில் படிக்கும்போது நான் இயற்கை விவசாயத்தைப் பற்றி வீட்டில் ஒரு நாள் அளந்தேன். ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "நீ ஒரு வைகாசி மாசம் அந்தக் கூடைய தலைல வெச்சிக்கினு ஏரிக்கரையிலேர்ந்து கொல்லி வரிக்கும் நடந்து வாடா, அப்புறம் பேசலாம்" என்றார். கூடையிலிருந்து ஒழுகும் சாறு முதுகில் இறங்கிக் காய்ந்து அரிக்குமாம். ஆண்கள் வண்டி ஓட்டினார்கள். வாரியதும் சுமந்ததும் கலைத்ததும் பெண்கள்.

வெள்ளைக்கார அரசாங்கத்தின் கவலை வேறு மாதிரி இருந்தது. அப்போது செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சைதாப்பேட்டையில், கவர்னர் டெனிசன் காலத்தில், 1865 வாக்கில் ஒரு மாதிரிப் பண்ணை தொடங்கினார்கள். சீமையிலிருந்து கலப்பைகளும் கருவிகளும் கப்பலில் வந்தன. நம் குடியானவனுக்கு விவசாயம் சொல்லிக் கொடுப்பது நோக்கம். 1876ல் அங்கேயே விவசாயப் பள்ளி வந்தது. அதுதான் பின்னால் கோயம்புத்தூருக்குப் போய்ப் பல்கலைக்கழகமானது. இடையில் 1889 கடைசியில் வோல்க்கர் என்ற ரசாயன நிபுணரை லண்டனிலிருந்து அனுப்பினார்கள். ஓராண்டுக்கு மேல் சுற்றிவிட்டு அவர் எழுதிய அறிக்கை 1893ல் வந்தது. இந்தியக் குடியானவன் ஒன்றும் பின்தங்கியவன் அல்ல, சில விஷயங்களில் பிரிட்டிஷ் விவசாயியைவிடக் கெட்டி என்று முகத்துக்கு நேரே எழுதினார். எரு ஏன் போதவில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணம் அடுப்பு. விறகு இல்லாததால் சாணத்தை வறட்டியாகத் தட்டி எரிக்கிறார்கள். விறகுக்கும் தீவனத்துக்கும் தனிக்காடு வளர்த்துக் கொடுத்தால் சாணம் நிலத்துக்குப் போகும் என்றார். எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலேறுவது மண்ணின் சத்தே கப்பலேறுவது என்றும் கவலைப்பட்டார். 1882 வனச்சட்டத்துக்குப் பிறகு காப்புக்காடுகளில் தழை வெட்டவும் மாடு மேய்க்கவும் கட்டுப்பாடு வந்திருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எருப் பஞ்சத்துக்கு யார் யார் காரணம் என்று தெரியும். கடற்கரையில் சவுக்குத்தோப்பு பெருகியதில் விறகு கிடைத்தது. அந்த விறகு பட்டணத்துக்குப் போனது. ஊருக்கு மிஞ்சியது சவுக்குச் சருகு. பெண்கள் அதைக் கூட்டி அள்ளி வந்து அடுப்பெரித்தார்கள்.

மூட்டை உரத்தின் கதை இந்தியாவில் தொடங்குவதும் எங்களுக்குத் தொலைவில் இல்லை. 1906ல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் ஆலை போட்டது. ஆண்டுக்கு 6,000 டன். வாங்கியவர்கள் முதலில் மலையில் காபி, தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர்கள். நெல்லுக்கு அதைப் போடும் பழக்கம் பரவ இன்னும் பல காலம் ஆனது.

1909 என்ற ஆண்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த ஆண்டு கோடையில் ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருந்து அம்மோனியா சொட்டச் செய்து காட்டினார். உலகத்து யூரியா மூட்டைகளெல்லாம் அந்தச் சொட்டில் பிறந்தவை. அதே 1909ல் கோயம்புத்தூரில் நிரந்தர உரச் சோதனை நிலத்தைப் பிரித்தார்கள். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் 1843லேயே தொடங்கியதைப் பார்த்து நம்மூரில் செய்தது. ஒரு பாத்திக்கு ஒன்றும் கிடையாது, ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், இன்னொன்றுக்கு மூன்று சத்தும், மற்றொன்றுக்கு மாட்டெரு. வருஷத்துக்கு வருஷம் அதே பாத்திக்கு அதே உரம். நூறாண்டைத் தாண்டிவிட்டது. மணிச்சத்து போடாத பாத்திகள், தழைச்சத்தைக் கொட்டினாலும், விளைச்சலில் ஒன்றும் போடாத பாத்திக்குப் பக்கத்தில்தான் நின்றன. மூன்று சத்தும் கிடைத்த பாத்தியும் எருப் பாத்தியும் நன்றாக விளைந்தன. மண்ணில் கரிமம் சேர்ந்தது எருப் பாத்தியில். எந்தக் கட்சிக்காரருக்கும் முழு வெற்றி தராத சோதனை. அதனால்தானோ என்னவோ இரண்டு மேடைகளிலும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த நிலத்துத் தானியத்தைக் குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி செய்த டாக்டர் மெக்காரிசன், வேளாண் ரசாயன நிபுணர் விசுவநாத்தோடு சேர்ந்து பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, எருவில் விளைந்ததே சத்து அதிகம் என்று 1926ல் எழுதியது மட்டும் இயற்கை விவசாய மேடையில் இன்றும் வரும்.

இரண்டாம் உலகப்போர்ப் பஞ்சத்தில் 'அதிக உணவு விளைவிப்போம்' இயக்கம் வந்தது. தழை எருவுக்காகக் கிளைரிசிடியா போத்துகளை வரப்பில் நடச் சொன்னார்கள், தக்கைப்பூண்டு விதை கொடுத்தார்கள். உவர் தாங்கும் என்பதால் தக்கைப்பூண்டு எங்கள் கடற்கரைக்கு ஒத்துவந்தது. பூப்பதற்கு முன் மடக்கி உழுதால் நிலம் மெத்தென்று ஆகும். ஆனால் பயிரும் மாறிக்கொண்டிருந்தது. திருவள்ளூர்ப் பக்கம் திரூர்க்குப்பத்து நெல் ஆராய்ச்சி நிலையம் 1952ல் கொடுத்த டி.கே.எம். 6 நெல்லைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் வாங்கிக் கலந்து ஐ.ஆர். 20 என்று திருப்பிக் கொடுத்தார்கள். குட்டை நெல், எவ்வளவு தழைச்சத்து கொடுத்தாலும் எளிதில் சாயாது. பழைய சம்பாவுக்கு யூரியா போட்டால் தோளுயரம் வளர்ந்து கதிர் பிடிக்கும்போது படுத்துக்கொள்ளும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று வருஷத்துக்கு மூன்று பட்டம் நெல் வைக்கும் ஜில்லாவில் இந்த நெல் புகுந்ததும் எரு மக்குவதற்குக் காத்திருக்கக்கூட நேரமில்லாமல் போனது.

கடை போட்ட புதிதில் நைனாவிடம் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்த ஒரு பெரியவர், "இன்னா தம்பி, கல்லுப்பக் கொண்டாந்து உரம்ன்றியே" என்று கேட்டாராம். கேளம்பாக்கத்திலும் கோவளத்திலும் உப்பளம் பார்த்தவருக்கு வெள்ளையாக, பளபளவென்று இருப்பதைப் பயிருக்குப் போடச் சொன்னால் வேறெப்படித் தோன்றும்? உப்பு சிந்திய இடத்தில் புல்கூட முளைக்காது. நைனா அவர் கையை நனைத்துவிட்டு ஒரு பிடி யூரியாவை வைத்தார். ஈரம் பட்டால் யூரியா சில்லென்று குளிரும். உப்பு அப்படிக் குளிராது. "உப்பு வேற, இது வேறண்ணே" என்பதற்கு நைனாவிடம் இருந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். அவர் ஒரு மூட்டை கொண்டுபோனார். பத்து நாளில் வெளுத்த பயிர் கரும்பச்சையாகத் திரும்பியதும் மணலியின் 'விஜய்' மூட்டை எங்கள் பக்கம் வீட்டுப்பெயர் ஆனது.

நைனா பார்த்ததில் என் மனதில் நிற்பது வேறு வாடிக்கையாளர்கள். பஞ்சமி நிலத்தில் அரை ஏக்கர், கால் ஏக்கர் வைத்திருந்தவர்கள். மூட்டை வாங்கக் காசிருக்காது. ஐந்து கிலோ, பத்து கிலோ என்று சில்லறையாக வாங்குவார்கள். யாரிடமும் மாட்டுக்குக் கைகட்டி நிற்காமல், கூலிக்காசில் தன் நிலத்துக்கு உரம் போட்டது அந்தக் குடும்பங்களில் அதுவே முதல் தலைமுறை. யூரியாவைப் பாவம் என்று சொல்பவர்கள் இந்த ஒரு வரியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு சொல்லட்டும். காலியான சாக்கு கொங்காணி ஆகும். நாற்று நடும் பெண்கள் மழையில் அதைத்தான் தலையில் போட்டுக்கொள்வார்கள்.

கெடுதலும் எங்கள் கடை வழியாகத்தான் வந்தது. எழுபதுகளில் மூட்டை வந்ததும் குப்பை அடிப்பதை விட்டார்கள். டிராக்டர் வந்ததும் காளை போனது. காளை போனதும் குப்பை அடிக்க நினைத்தாலும் முடியாமல் போனது. பிறகு நாற்று நட்ட இருபதாம் நாளில் இலையில் துருப்புள்ளி. பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி நேனே 1966லேயே இது துத்தநாகக் குறை என்று கண்டுபிடித்திருந்தார். எரு போட்டவரை அந்தக் குறையை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. அதன்பின் ஜிங்க் சல்பேட்டையும் நாங்களே விற்றோம். மணலில் யூரியா தங்காது என்பதால் ஐந்து பங்குக்கு ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கை இடித்துக் கலந்து ராத்திரி வைத்திருந்து காலையில் போடச் சொல்வோம். செய்தவர் சிலர். இப்போது 2015 முதல் ஆலையிலேயே வேப்பெண்ணெய் பூசி வருகிறது.

விலைதான் பெரிய கோளாறு. 2010ல் சத்தின் அளவுக்கு மானியம் என்று திட்டம் மாற்றியபோது யூரியாவை மட்டும் விட்டுவிட்டார்கள். டி.ஏ.பி.யும் பொட்டாஷும் ஏறின. யூரியா நின்ற இடத்தில் நின்றது. இன்றைக்கு 45 கிலோ மூட்டை 266 ரூபாய் சொச்சம்; கைரேகை மெஷினில் விரல் வைத்தால் கிடைக்கும். 50 கிலோ டி.ஏ.பி. 1,350. கோயம்புத்தூரின் தழைச்சத்து மட்டும் போட்ட பாத்தியை நாடு முழுக்கப் பரப்ப இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

எதிர்ப்பக்கத்து அவசரத்தையும் பார்த்தோம். 2021ல் இலங்கையில் ரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நவம்பருக்குள் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதற்குள் நெல்லும் தேயிலையும் அடிவாங்கிவிட்டன. எட்டு வண்டி கணக்கை அங்கே யாரும் போட்டுப் பார்க்கவில்லை. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் 2013 டிசம்பரில் மறையும்வரை ஊர் ஊராகப் போய்ப் பேசியபோது இப்படி ஒரே நாளில் மாறச் சொன்னதில்லை. மண்ணைத் தேற்ற வருஷங்கள் ஆகும் என்றுதான் சொன்னார். உரக்கடைக்காரனாக இருந்தும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

2017ல் ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழிவிட்டது. எங்கள் பக்கம் டிராக்டர் டிராக்டராகப் போனது. நிலத்துக்குப் போனதும் உண்டு, மனைப்பிரிவில் பள்ளம் நிரப்பப் போனதும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் நர்சரிக்காரர்கள் மக்கிய சாணத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கிறார்கள். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் யூரியாவைவிட விலை அதிகம். வாங்குபவர்கள் ரிசார்ட்காரர்கள், பண்ணை வீட்டுக்காரர்கள். புல்தரை பச்சையாக இருக்க வேண்டும் என்று அவர்கள் ஆட்களே என் கடைக்கும் வந்து யூரியா கேட்கிறார்கள். கைரேகை வைக்க விவசாயி வேண்டுமே என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். போன போகத்தில் நெல் வைத்த ஒருவர், பாதி யூரியாவைக் குறைத்து, ஏக்கருக்கு இரண்டு டிராக்டர் எரு அடிக்கிறேன், எங்கே கிடைக்கும் என்று கேட்டார். மாம்பாக்கம் பக்கம் ஒரு மாட்டுப்பண்ணை நம்பரைக் கொடுத்தேன். டிராக்டர் வாடகையும் ஏற்றி இறக்கும் கூலியும் எருவின் விலையைத் தாண்டிவிட்டதாம். ஒரு டிராக்டரோடு நிறுத்திக்கொண்டு, மீதிக்குத் தக்கைப்பூண்டு விதை வாங்கிப் போனார்.